கிறிஸ்துமஸும் கொடைக்கானலும் கொஞ்சம் வரலாறும்

2024 டிசம்பர்ல எங்க வீட்டுல ஒரு குட்டி உலகப்போர். காரணம் அக்கா வீட்டுக்காரர். துபாய்லேர்ந்து லீவுக்கு வந்த மனுஷன், யார்கிட்டயும் கேக்காம, டிசம்பர் 23லேர்ந்து மூணு ராத்திரிக்கு கொடைக்கானல்ல ஒரு ரிசார்ட்டுல ரெண்டு காட்டேஜ் போட்டுட்டார். "எல்லாரும் குடும்பமா கிறிஸ்துமஸை அங்க கொண்டாடுறோம். அத்தைக்கும் அடுப்படிலேர்ந்து ஒரு ரெஸ்ட்" அப்படின்னார். பெங்களூர்ல வருஷம் பூரா ஆணி புடுங்கிட்டு ஊருக்கு வந்திருந்த எனக்கு இது நல்ல ஐடியாவாத்தான் பட்டுச்சு.

அம்மா மட்டும் வாயே திறக்கல. ரெண்டு நாள் கழிச்சு அரிசி இடிச்சுகிட்டே சொன்னாங்க: "ஏய்யா, ரம்ஜானுக்கு ராவுத்தர் வீட்டுலேர்ந்து நமக்கு பிரியாணி வந்துச்சுல்ல? தீபாவளிக்கு எதுத்த வீட்டுலேர்ந்து பலகாரம் வந்துச்சுல்ல? நம்ம முறை வர்றப்போ வீட்டப் பூட்டிட்டுப் போறதாய்யா?"

கம்பம் பள்ளத்தாக்கைத் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். உத்தமபாளையம் பக்கம் எங்க ஊரு சின்ன ஊரு. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி மாதிரி கத்தோலிக்கர் நிறைஞ்ச ஊர் இல்ல. எங்க தெருவுல மூணு மதமும் உண்டு. கிறிஸ்துமஸ்னா எங்களுக்கு நடுராத்திரிப் பூசை, குடில், அதிரசம், அச்சு முறுக்கு, அப்புறம் தட்டு. அந்தத் தட்டு போகாட்டி அது கிறிஸ்துமஸே இல்ல.

இருந்தாலும் அட்வான்ஸ் கட்டியாச்சே. கடைசில அம்மா ரெண்டு நாள் முன்னாடியே பலகாரத்தை முடிச்சு, 22ஆம் தேதியே தட்டு கொடுத்துட்டு கிளம்பினாங்க. இ-பாஸ் எடுத்தது நாந்தான் (2024 மே மாசத்துலேர்ந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் இல்லாம வண்டி ஏற முடியாது மக்களே). வண்டி பெரியகுளம் தாண்டுறப்போ அம்மா இடதுபக்க மலையைக் காட்டி, "அந்தப் பக்கமாத்தான் எங்க தாத்தாவோட அப்பா வெள்ளைக்காரங்களை நாற்காலில தூக்கிட்டுப் போவாராம்" அப்படின்னாங்க.

இருபத்தெட்டு வயசாச்சு, இதை எனக்கு யாரும் சொன்னதில்ல! அதான் இந்தப் பதிவு. இனிமே கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்குங்க.

உல்லாசத்துக்காக வந்த ஊர் இல்ல

கொடைக்கானல்னா இன்னிக்கு நமக்கு ஹனிமூன், போட்டிங், ஹோம்மேட் சாக்லேட். ஆனா அந்த ஊர் உருவானது உல்லாசத்துக்கு இல்ல, உயிர்பயத்துக்கு.

1834ல அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துலேர்ந்து மதுரைக்கு வந்தாங்க. அமெரிக்கன் மதுரா மிஷன் ஆரம்பிச்சது அப்படித்தான். வந்தவங்க குடும்பத்தோட வந்தாங்க, மதுரை வெயிலையும் தண்ணியையும் அவங்க உடம்பு தாங்கல. காலரா, வயித்துப்போக்கு, காய்ச்சல்னு வருஷா வருஷம் சாவு. மனைவிகள் செத்தாங்க, குழந்தைகள் செத்தாங்க. நீலகிரில ஊட்டி அப்பவே இருந்துச்சு (சல்லிவன் 1819லயே அங்க ஏறிட்டார்). ஆனா ரயில் இல்லாத காலத்துல மதுரைலேர்ந்து ஊட்டி வெகுதூரம். காய்ச்சல்ல கிடக்கிற குழந்தையை மாட்டுவண்டில வெச்சு அவ்வளவு தூரம் போக முடியுமா?

அதனால முதல்ல பக்கத்துல இருந்த சிறுமலைல வீடு கட்டிப் பாத்தாங்க. திண்டுக்கல்காரங்க சிறுமலை வாழைப்பழத்துக்குப் பேர் போனவங்க, ஆனா அந்தக் காலத்து சிறுமலை மலைக்காய்ச்சலுக்கும் பேர் போனது. பிழைக்கப் போன இடத்துலயும் காய்ச்சல். ஏன்னு அவங்களுக்குத் தெரியாது. கெட்ட காத்துதான் காரணம்னு நம்பின காலம் அது. கொசுதான் மலேரியாவைக் கொண்டு வருதுன்னு ரொனால்ட் ராஸ் நிரூபிச்சது 1897லதான். இன்னிக்கு யோசிச்சா கணக்கு சுலபம். சிறுமலை சுமார் 4,000 அடி, கொசுவுக்கு அது ஒரு உயரமே இல்ல. கொடைக்கானல் சுமார் 7,000 அடி. அந்தக் குளிர்ல மலேரியா கொசுவோட பாச்சா பலிக்காது. காரணம் தெரியாமலே சரியான விடையைப் பிடிச்சுட்டாங்க. (நாங்களும் கோட் ஏன் ஓடுதுன்னு தெரியாமலே புரொடக்‌ஷனுக்கு அனுப்புவோம்ல, அந்த மாதிரி :-) )

1845ல கொடைக்கானல்ல ரெண்டு பங்களா எழும்பிச்சு. பேரு சன்னிசைடு, ஷெல்டன். ஊர் பிறந்த கதை இதுதான்.

'பிறந்த'ங்கிற வார்த்தையை கொஞ்சம் ஜாக்கிரதையாப் படிங்க. 1821லயே லெப்டினன்ட் வார்டு சர்வே பண்ண இந்த மலைக்கு வந்துட்டார். 1836ல தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் வந்தார். இவங்க எல்லாருக்கும் பல நூற்றாண்டு முன்னாடியே பளியர், புலையர், குன்னுவர்னு ஜனங்க இங்க வாழ்ந்துகிட்டுத்தான் இருந்தாங்க. பூம்பாறை, வில்பட்டி எல்லாம் பழைய ஊருங்க. அவங்களுக்கு அது ரிசார்ட் இல்ல, வீடு.

பெரியகுளத்துத் தோள்கள்

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இந்தக் குடும்பங்க எப்படி மேல போனாங்க?

வத்தலக்குண்டு வழியா இன்னிக்கு நாம போற மலைப்பாதையில மோட்டார் ஓட ஆரம்பிச்சது 1910-களின் நடுவுலதான். அதுக்கு லாஸ் காட் ரோடுன்னு இன்னொரு பேரு உண்டு, போட ஆரம்பிச்ச மேஜர் லா பேரால. அதுக்கு முன்னாடி எழுபது வருஷமா கொடைக்கானலோட வாசல் எங்க தேனிப் பக்கம்தான் இருந்துச்சு. 1875ல மதுரை வரைக்கும் ரயில் வந்தப்புறம் ஜனங்க அம்மையநாயக்கனூர்ல இறங்குவாங்க. அதான் பின்னாடி கொடைரோடு ஸ்டேஷன். அங்கேர்ந்து மாட்டுவண்டில ராத்திரி பூரா, ஐம்பது கிலோமீட்டர் போல, பெரியகுளம் பக்கத்துல இருந்த கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு. விடிகாலைல அங்க ஆள் தயாரா நிக்கும். அதுக்கு மேல வண்டி போகாது. பன்னெண்டு மைல் போல செங்குத்தான ஒத்தையடிப்பாதை. தெம்பு இருக்கிறவங்க மட்டக்குதிரைல ஏறுவாங்க. பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் எல்லாம் நாற்காலில. நாற்காலிக்கு ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டி, ஆள் மாத்தி ஆள் தோள் கொடுத்துத் தூக்குவாங்க. பெட்டி, படுக்கை, பாத்திரம் பண்டம் எல்லாம் தலைச்சுமை.

அந்தத் தோள்ல ஒண்ணு எங்க பூட்டனோடது.

அம்மாவுக்கு இதைச் சொன்னது அவங்க தாத்தா. தாத்தா சின்னப் பையனா இருக்கிறப்போ அவர் அப்பாவோட வலது தோள் காய்ச்சுப் போய், ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு மேடா இருக்குமாம். பிள்ளைங்க அதைத் தொட்டு விளையாடுவாங்களாம். அவர் எத்தனையோ தடவை கொடைக்கானல் போயிருக்கார், ஆனா ஒரு தடவை கூட அங்க ஒரு வீட்டுக்குள்ள கால் வெச்சதில்லையாம். வாசல்ல நாற்காலியை இறக்கிட்டு, கூலியை வாங்கிட்டு, கொட்டகைல ஒரு ராத்திரி முடங்கிட்டு இறங்கிடுவாராம். மேல இருந்த குளிரைப் பத்தி மட்டும்தான் வந்து சொல்லுவாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு சட்டுன்னு கோவம்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா கோவம் அவ்வளவு சுலபமா நிக்கல. நாற்காலில உக்காந்திருந்தது யாரு? ரெண்டு பிள்ளையைப் புதைச்சுட்டு மூணாவது பிள்ளையையாவது காப்பாத்தணும்னு மலை ஏறின ஒரு அம்மாவா இருக்கலாம். அவங்க பயம் நிஜம். ஆனா அதே காலராவும் அதே காய்ச்சலும் பெரியகுளத்துலயும் இருந்துச்சு. தாது வருஷப் பஞ்சம் (1876-78) மதுரைச் சீமையையும் விடல. கீழ இருந்த பிள்ளைகளுக்குத் தப்பிச்சுப் போக ஒரு மலை இல்ல. மலைக்கு வழி தெரிஞ்சவன் அவங்க அப்பன், ஆனா அவன் தூக்கிட்டுப் போனது வேற வீட்டுப் பிள்ளையை. இந்த ரெண்டு நிஜத்தையும் ஒரே நேரத்துல மனசுல வெச்சுக்கணும், அதான் கஷ்டம்.

உயிர்பயம் சீசனாச்சு

அதுக்கப்புறம் வழக்கமான கதை. 1863ல மதுரை கலெக்டர் வெரி லெவிஞ்ச் ஓடையைத் தடுத்து ஏரி உண்டாக்கினார். தூத்துக்குடிலேர்ந்து படகு வந்துச்சு. அதையும் யாரோ தூக்கிட்டுத்தானே ஏறியிருக்கணும்! 1872ல லெப்டினன்ட் கோக்கர் நடைபாதை போட்டார், இன்னிக்கு நாம செல்ஃபி எடுக்கிற அதே கோக்கர்ஸ் வாக். 1895ல செண்பகனூர்ல ஏசு சபைச் சாமியார்களோட திரு இருதயக் கல்லூரி. 1901ல மிஷனரி பிள்ளைங்களுக்காக ஹைகிளார்க்ங்கிற ஓட்டல் கட்டடத்துல ஒரு பள்ளிக்கூடம், ஆரம்பத்துல 13 பிள்ளைங்க. இன்னிக்கு கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்னு சொல்றமே, அதான். உயிருக்குப் பயந்து ஏறின ஊரு கொஞ்சம் கொஞ்சமா சீசன் ஊரா மாறிப்போச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சீசன்னா அப்போ ஏப்ரல், மே. டிசம்பர் இல்ல. கிறிஸ்துமஸ் சமயம் மலை மேல உறைபனி, கீழ மதுரைல சுகமான காத்து. மிஷனரிக்கு அன்னிக்குத்தான் சபைல வேலை ஜாஸ்தி. மலைப் பள்ளிக்கூடங்களுக்கு வழக்கமா பெரிய லீவும் குளிர்காலத்துலதான், பிள்ளைங்க கீழ அப்பா அம்மாகிட்ட வந்துடும். ஆக, கொடைக்கானலை உண்டாக்கினவங்களே பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு மலை இறங்கி வீட்டுக்கு வந்தவங்கதான். வீட்டைப் பூட்டிட்டு மேல போனது நாங்க!

பள்ளத்தாக்கோட இன்னொரு மலை

எங்க பள்ளத்தாக்குக்கு மலை ஏறுறதுன்னா எப்பவுமே வேலைக்குத்தான். கொடைக்கானல் ஒரு பக்கம்னா தேக்கடி இன்னொரு பக்கம். 1887லேர்ந்து 1895 வரைக்கும் கர்னல் பென்னிகுக் தலைமைல முல்லைப்பெரியாறு அணை கட்டினப்போ காட்டுக்குள்ள கிடந்த கூலிகள் நோய்ல செத்தாங்க. கணக்குல ஏறினதே 483 பேர். 1895 அக்டோபர் 10ஆம் தேதி கவர்னர் வென்லாக் அணையைத் திறந்து வெச்சார். அந்தத் தண்ணிலதான் எங்க வயல் ரெண்டு போகம் விளையுது, பன்னீர் திராட்சை காய்க்குது (2023ல புவிசார் குறியீடே வாங்கிடுச்சு). அதான் ஜனவரி 15 பென்னிகுக் பிறந்தநாளுக்கு எங்க ஊர்ப்பக்கம் பொங்கல் வைக்கிறாங்க, லோயர் கேம்ப்ல 2013ல மணிமண்டபமும் வந்துச்சு. அந்த அணை தேக்கின ஏரியிலதான் இன்னிக்கு தேக்கடி படகுச் சவாரி. வேலைக்குப் போய் செத்தவங்க இடம் நமக்கு லீவுக்குப் போற இடம்.

ஏலத்தோட்டத்துக்கும் மேகமலை டீ எஸ்டேட்டுக்கும் போன எங்க ஜனங்களும் அப்படித்தான். நல்லநாள்னா மலை இறங்கி வீட்டுக்கு வருவாங்க. "நல்லநாள்ல யாராச்சும் மலை ஏறுவாங்களா?"ன்னு அம்மா கேட்டதுல நூத்தம்பது வருஷ வரலாறு இருந்துச்சுன்னு எனக்கு அப்போ தெரியல.

கடைசில என்னாச்சு?

ரிசார்ட் பேரு வேணாம். ஹீட்டர் முதல் ராத்திரியே மூச்சை நிறுத்திடுச்சு. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு போட்டான். மச்சானுக்கு ஏக சந்தோஷம், அக்கா பிள்ளைங்களுக்கு அதுக்கு மேல. 24ஆம் தேதி ராத்திரிப் பூசைக்கு ஊருக்குள்ள ஒரு கோயிலுக்குப் போனோம். நாலு ஸ்வெட்டருக்குள்ள அம்மா நல்லாவே வேண்டிக்கிட்டாங்க.

மறுநாள் காலைல காட்டேஜ் திண்ணைல வெயில் காஞ்சுகிட்டு இருக்கிறப்போ, ரூம் பையன் டீ கொண்டுவந்து வெச்சுட்டு வெளியவே நின்னான். அம்மா அவனை உள்ள கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருப்பா"ன்னு ஒரு தட்டுல அதிரசமும் முறுக்கும் வெச்சுக் கொடுத்தாங்க. அவன் உக்கார ரொம்ப யோசிச்சான். அம்மா விடல. எந்த ஊருன்னு கேட்டாங்க. வெள்ளகெவின்னான். கும்பக்கரைலேர்ந்து ஏறுற அந்தப் பழைய காட்டுப்பாதையில, தலைமுறை தலைமுறையா ரோடே இல்லாம நடந்தே வாழ்ந்த ஊர். அம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க, அவ்வளவுதான். அவன் அதிரசத்தை முழுசா தின்னு முடிக்கிற வரைக்கும் யாரும் எதுவும் பேசல.

26ஆம் தேதி வீட்டுக்கு வந்தா, திண்ணைல ராவுத்தர் வீட்டுத் தட்டு காத்துகிட்டு இருந்துச்சு, ஒரு டப்பா நிறைய பேரீச்சம்பழத்தோட. "பூட்டியிருந்துச்சேன்னு வெச்சுட்டுப் போனோம் அக்கா"ன்னாங்க. அம்மாவுக்கு அது போதும். அடுத்த வருஷம் 25 வீட்டுல, 26 எங்க வேணா போய்க்கலாம்னு தீர்ப்பு. மச்சானும் ஒத்துகிட்டார், வேற வழி?

உங்க வீட்டுலயும் இந்த மாதிரி மலை ஏறின, சுமை தூக்கின கதை எதாச்சும் இருந்தா பெரியவங்களைக் கேட்டு எழுதி வைங்க. எங்க பூட்டன் பேரு எந்த ரெக்கார்டுலயும் இல்ல. அம்மா அன்னிக்கு அந்த மலையைக் கை காட்டாட்டி எனக்கும் தெரியாமலே போயிருக்கும்.

டிஸ்கி: பூட்டன் கதை குடும்பத்துல வாய்வழியா வந்தது. எலுமிச்சம்பழ அளவுங்கிறது தாத்தா சொன்னது. நாலு வயசுல பாத்த ஞாபகம், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம் :-)