தஃப்தரும் பதிவேடும்

பாளையங்கால்வாய் பாயும் மேலப்பாளையத்தில் நிகழும் ஒரு நிகாஹ் இன்று இரு ஏடுகளுக்கு உரியது. ஒன்று பள்ளிவாசல் ஜமாஅத்தின் தஃப்தர். மற்றொன்று அரசின் திருமணப் பதிவேடு. இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்னும் வினாவுக்கு நம் மாகாண வரலாற்றிலேயே விடை இருக்கின்றது.

கும்பினி ஆட்சியில் காஜிகளை அரசே நியமித்து வந்தது. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அந்நியமனத்தைக் கைவிட்டது. அரசு நியமிக்காதவர் காஜியாக முடியுமா என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் எழ, முடியாது எனத் தீர்ப்பாயிற்று. நிகாஹ்களில் அரசு நியமித்த காஜி இருக்க வேண்டும் என்ற வழக்கமுடைய ஊர்கள் இடருற்றன. அதன் விளைவே 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம். அது முதற்கண் சென்னை மாகாணத்திற்கே உரியதாக இயற்றப்பட்டது என்பது கருதத்தக்கது. அதன் 4ஆம் பிரிவு, காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லை என்றும், எந்த நிகாஹுக்கும் அவர் இருந்தே தீர வேண்டியதில்லை என்றும் தெளிவுறுத்தியது. ஷரீஅத்தும் இதற்கு முரணன்று. நிகாஹ் ஓர் ஒப்பந்தம். ஈஜாபும் கபூலும், சாட்சிகளும், மஹரும் அதற்குரியவை. ஷாஃபிஈ மத்ஹபில் வலீயும் இன்றியமையாதவர். எழுத்தர் அதன் உறுப்பல்லர்.

குடிமைத் திருமணத்தின் தொடக்கம் இதனின் வேறுபட்டது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மணக்க விரும்பியோர், தாம் இஸ்லாம், இந்து, கிறித்தவம் முதலிய எச்சமயத்தையும் சார்ந்தவரல்லர் என உறுதிமொழிய வேண்டியிருந்தது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே அந்நிபந்தனையை முற்றிலும் நீக்கியது.

அச்சட்டத்தை முன்னிறுத்தியே ஒருபாலினத்தவர் தம் திருமணத்திற்கு அங்கீகாரம் கோரி உச்சநீதிமன்றம் சென்றனர். ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் எதிர்த்து வாதிட்டது. தனிச்சட்டங்களுக்குள் செல்வதில்லை என விசாரணையின் தொடக்கத்திலேயே நீதிமன்றம் அறிவித்தது. 2023 அக்டோபர் 17இல் ஐவர் அமர்வு, மணம் புரிவது அடிப்படை உரிமையன்று என ஒருமித்தும், குடிமை இணைவு உரிமையை மூவருக்கு இருவர் என்ற கணக்கிலும் மறுத்தது. 2019இல் மதுரைக் கிளை தூத்துக்குடித் திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்யப் பணித்த தீர்ப்பை இதனோடு குழப்பலாகாது; இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்பதே அதன் சாரம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலேயே நிகாஹ் நிகழும் என்பதில் மார்க்க அறிஞரிடையே ஐயமில்லை. 2001இல் ஒருபாலினத் திருமணத்தை முதலில் சட்டமாக்கிய நெதர்லாந்திலும், அது நகராட்சியில் நிகழும் குடிமைத் திருமணமே. பதிவேட்டின் எல்லை விரிவதால் தஃப்தரின் இலக்கணம் மாறிவிடுவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போதுதான் அச்சம் பிறக்கின்றது. அவ்வச்சத்தால் பிறரை இழித்துரைப்பதும் நமக்கு அழகன்று.

நம் உண்மையான கவலை வேறிடத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லாச் சமயத்தவர்க்கும் பொது. 90 நாள்களுக்குள் பதிவு செய்யக் கூறுவது. கைவிடப்பட்ட ஒரு பெண் வழக்குமன்றம் ஏறுங்கால், மணம் நிகழ்ந்ததற்கு அப்பதிவு வலிய சான்று. தஃப்தரில் கையொப்பம் பெறும் நம் ஜமாஅத்துகள், அன்றே பதிவேட்டையும் நினைவூட்டுமாயின், மார்க்கத்திற்கு இழுக்கில்லை. நம் பெண்மக்களுக்கு அரண் உண்டு.