மிளகின் அடியழுகலும் நோயாக்கியின் வரலாறும்

மிளகு வணிகத்தின் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. மிளகுக் கொடி மடிந்த வரலாறோ அத்துணைக் கவனம் பெற்றதில்லை. கப்பலேறிய மூட்டைகளுக்குக் கணக்கு இருந்தது; பட்டுப்போன கொடிக்குக் கணக்கெழுத எவரிருந்தார்?

அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த வயநாட்டிலே கொடிகள் மடிவதை 1902இல் அரசாங்கத் தாவரவியலாளர் பார்பர் ஆராய முற்பட்டார். காரணம் அப்போது துலங்கவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த சுமாத்திராவின் லம்போங் பகுதியில், பைற்றோப்தராவே நோயாக்கி என 1936இல் முல்லர் காட்டினார். அதனைப் பல்மிவோரா இனத்தின் ஒரு வகையாகக் கொண்டார். 1950களில் சரவாக்கின் தோட்டங்கள் இந்நோயாற் சீரழிந்தன. கேரளத்தில் 1966இல் சம்ராஜ், ஜோஸ் ஆகியோர் இதனை அறிவித்தனர்.

மிளகைத் தாக்கும் பைற்றோப்தரா, நியூமெக்சிக்கோவின் மிளகாய்ச் செடியிலிருந்து 1922இல் லியோனியன் விவரித்த கப்சிசி இனத்துள் 1988இல் சேர்க்கப்பட்டது. மிளகுக்கும் மிளகாய்க்கும் தாவரவியல் உறவு ஏதுமில்லை. தமிழிலுள்ள பெயருறவை நோயாக்கி மெய்ப்பித்துவிட்டது போலும்! 2001இல் திரொப்பிக்காலிஸ் எனும் தனியினம் பிரித்தறியப்பட்டது. பின்னர் பரம்பரையலகு ஆய்வுகள், இந்திய மிளகுத் தோட்டங்களில் இவ்விரு இனங்களும் உள்ளன எனக் காட்டின.

இந்நோயாக்கி தோற்றத்திற் பங்கசை ஒத்ததாயினும், கலச்சுவரிற் செலுலோசைக் கொண்டு, கபில அல்காக்களுக்கே நெருங்கியது. ஏ1, ஏ2 என இருவகைப் புணர்ச்சி வகைகள் அதற்குண்டு. இரண்டும் ஒரே நிலத்திற் கூடின், தடித்த சுவருடைய வித்திகள் தோன்றுவதோடு பரம்பரையலகுகள் புதிய சேர்க்கைகளையும் பெறும்.

கொடியின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அது தண்டு வெட்டியே பெருக்கப்படுகின்றது. ஆகவே ஒரு வருக்கத்தின் கொடிகள் யாவும் பரம்பரையியலில் ஒன்றேயாம். 1971இல் வெளிவந்த பன்னியூர்-1 விளைச்சலிற் சிறந்தது. ஆயினும் அடியழுகலுக்கு எளிதில் இலக்காவது. விளைச்சலை முதன்மைப்படுத்திய கொள்கையின் விலையைத் தென்மேற்குப் பருவமழைக் காலத்திற் சிறுவிவசாயியே செலுத்த நேர்ந்தது. நோய் பரவியமைக்கு அவனது கவனயீனத்தை மட்டும் காரணங்காட்டுதல் பொருந்தாது. ஒரு தோட்டத்தின் ஒரேயொரு நோயாக்கி மாதிரியைக் கொண்டு சோதித்து, எதிர்ப்புடையதென வழங்கப்படும் வருக்கம் மற்றொரு தோட்டத்திலும் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை.