கமான் பட்டையும் கிங் பின்னும்: பழைய லாரியின் முன்னச்சு சொல்லும் வரலாறு

பெங்களூரு கண்டோன்மென்டின் வரலாற்றை எழுதுவோர் படைப்பிரிவுகளைப் பற்றியும் தேவாலயங்களைப் பற்றியும் விரிவாக எழுதுகின்றனர். சக்கரங்களைப் பற்றி எழுதுவோர் அரிது. 1809இல் ஸ்ரீரங்கப்பட்டினத்துப் படை அல்சூரை ஒட்டிய நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத் தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். அல்சூரிலிருந்து கிழக்கே செல்லும் பழைய மதராஸ் சாலையில் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் பின்னர் லாரி வந்தது. வண்டி மாறியது, முன்னச்சின் அடிப்படைக் கணக்கு பெரிதும் மாறவில்லை.

குதிரை வண்டியில் முன்னச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும். மியூனிக் நகர வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர் அச்சை அசையாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனியே திருப்பும் முறையை வகுத்தார். 1818இல் லண்டனில் ஆக்கர்மன் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த முனை ஆணிகளே இன்றைய கிங் பின்கள். 1840இல் சென்னையில் வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன், 1903இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டியது. வண்டித் தச்சும் மோட்டார்த் தொழிலும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்ததற்கு இது சான்று. 1954இல் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டுறவுடன் டெல்கோ தயாரிக்கத் தொடங்கிய லாரிகளிலும், எண்ணூர் லேலண்டு லாரிகளிலும் அதே விறைப்பான முன்னச்சும் பட்டை வில்லும் தொடர்ந்தன.

அந்த வில்லைப் பட்டறைத் தமிழ் ‘கமான் பட்டை’ என்கிறது. பாரசீகத்தில் கமான் என்றால் வில். பாடநூல் தமிழ் ‘சுருள்வில்’ என்று ஸ்பிரிங்குக்குப் பெயரிட்டபோது எட்டிய உவமையைப் பட்டறை வேறொரு மொழியின் வழியே எட்டியிருக்கிறது.

சொல்லோடு முறையும் கவனத்திற்குரியது. தேர்ந்த மெக்கானிக் முதலில் டயரைத் தடவிப் பார்ப்பார். உள்ளிருந்து வெளிப்புறமாகக் கையை இழுக்கையில் ரப்பர் விளிம்பு கூராகத் தட்டுப்பட்டால், சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மேல் உள்நோக்கியிருக்கிறது என்று பொருள். அடுத்து முன்னச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டுவார். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்வார். அப்போது ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னிலோ அதன் புஷ்ஷிலோ. பக்கவாட்டில் ஆட்டினால் டை ராடு முனைகளின் தேய்வு வெளிப்படும். வண்டி ஒருபுறம் இழுத்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை இருபுறமும் அளப்பார். வேறுபாடு இருந்தால், கமான் பட்டையின் சென்டர் போல்ட் முறிந்து அச்சு ஒருபக்கம் நகர்ந்திருக்கக்கூடும்.

இவையெல்லாம் சரியான பின்னரே அலைன்மென்ட். தேய்ந்த கிங் பின்னின்மேல் எடுத்த அளவு, எவ்வளவு நுட்பமான கருவியால் எடுத்தாலும், அடுத்த பள்ளத்தில் பொய்த்துவிடும். மூலச்சுவடியின் நம்பகத்தை ஆராயாமல் பாடவேறுபாடு குறிப்பது எத்தகையதோ, இதுவும் அத்தகையதே.

பவர் ஸ்டியரிங் வந்தபின் தேய்வின் முதல் அறிகுறிகள் ஓட்டுநரின் கைக்கு எளிதில் எட்டுவதில்லை. அவர் கவனிக்கும்போது டயர் கெட்டிருக்கும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே இந்தக் கையறிவு பழம்பெருமை அன்று, இன்றைய தேவை. ஆவணக் காப்பகங்களில் இதைத் தேடிப் பயனில்லை. தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு பட்டறைகளுக்குச் செல்ல வேண்டும். சொற்களை மட்டுமன்றி, எதை முதலில் சோதித்தார்கள், ஏன் அதை முதலில் சோதித்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அந்த வரிசையில்தான் அறிவு இருக்கிறது.