லூசில் பால்

லூசில் பால் (ஆகஸ்ட் 6, 1911 – ஏப்ரல் 26, 1989) அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நடிகை, தயாரிப்பாளர், ஸ்டுடியோ அதிபர். சிபிஎஸ் நிறுவனம் 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பிய 'ஐ லவ் லூசி' தொடரில் லூசி ரிக்கார்டோ என்ற இல்லத்தரசியாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் இரண்டு லூசில்கள் தனித்தனியே வருகிறார்கள்: கண்ணை உருட்டிச் சிரிக்கவைத்த நடிகை ஒருவர், ஸ்டுடியோவை ஆண்ட முதலாளி இன்னொருவர். இப்படிப் பிரித்துப் பார்த்தால் இருவரையுமே புரிந்துகொள்ள முடியாது. அவருடைய நகைச்சுவை உடலால் செய்யும் வேலை. அதற்கு எதிரே அமர்ந்து சிரிக்கும் பார்வையாளர்கள் வேண்டும். முகத்தின் சிறு அசைவும் தெரியும் அளவுக்குத் துல்லியமான படம் வேண்டும். போதிய ஒத்திகை வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒருசேரத் தரும் தயாரிப்பு முறை 1951இல் வழக்கத்தில் இல்லை. அதை உண்டாக்க எடுத்த முடிவுகளே அவரை முதலாளியாகவும் ஆக்கின.

நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்த லூசில், சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தையை டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். நியூயார்க் நகரில் விளம்பர மாடலாக இருந்துவிட்டு 1933இல் ஹாலிவுட் சென்றார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, ஆர்கேஓ, எம்ஜிஎம் ஆகிய பெரிய ஸ்டுடியோக்களின் படங்களில் நடித்தும் முதல் வரிசை நட்சத்திரமாகவில்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணமாகத் தோன்றவில்லை. அழகான பெண் அழகாக நின்றால் போதும் என்று ஸ்டுடியோக்கள் நினைத்தன. எம்ஜிஎம்மில் இருந்தபோது, மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டனிடம் பொருள்களைக் கையாண்டு சிரிப்பு வரவழைக்கும் நுட்பங்களைக் கற்றார். அந்தக் கல்வியைப் பயன்படுத்தும் கதைகள் அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. 1948இல் தொடங்கிய 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற வானொலித் தொடர்தான் வழி திறந்தது. அரங்கில் இருந்தவர்களின் சிரிப்பைக் கேட்டு அதற்கேற்ப நடிப்பை நீட்டவும் நிறுத்தவும் அங்கே பழகினார். ஜெஸ் ஓப்பன்ஹைமர், மாடலின் பியூ, பாப் காரல் ஆகிய எழுத்தாளர்களும் அங்கிருந்தே அவருடன் தொலைக்காட்சிக்கு வந்தார்கள்.

அந்தத் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சிபிஎஸ் விரும்பியபோது, தன் சொந்தக் கணவரான கியூப இசைக்கலைஞர் டெசி ஆர்னாஸே திரையிலும் கணவராக வரவேண்டும் என்று லூசில் வற்புறுத்தினார். அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபக் கணவர் என்றால் மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனம் தயங்கியது. 1950இல் இருவரும் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்திக் கிடைத்த வரவேற்பைக் கொண்டே பதில் சொன்னார்கள். அடுத்த சிக்கல் இடம் பற்றியது. அன்றைய பெரிய நிகழ்ச்சிகள் பல நியூயார்க்கிலிருந்து நேரலையாகச் சென்றன. தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து எடுத்த மங்கலான கினெஸ்கோப் பிரதிதான் நாட்டின் மறுபக்கத்துக்குக் கிடைத்தது. ஹாலிவுட்டை விட்டுப் போக மறுத்த தம்பதியர், பார்வையாளர் முன்னிலையில் 35 மி.மீ. படச்சுருளில், மூன்று கேமராக்களால் ஒரே நேரத்தில் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். கூடுதல் செலவுக்கு ஈடாகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, படச்சுருளின் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்துக்குப் பெற்றார்கள்.

இதெல்லாம் ஆர்னாஸின் வணிகக் கூர்மை, ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்டின் தொழில்நுட்பம், இதில் லூசிலின் பங்கு எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பேரம் பேசியவர் ஆர்னாஸ்; 'மெட்ரோபோலிஸ்' படத்தில் பணியாற்றிய ஃபிராய்ண்ட், மூன்று கோணங்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் ஒளியமைப்பைக் கண்டார். பல கேமராக்களால் படம்பிடிப்பதும் முற்றிலும் புதிதல்ல. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நடிகையின் தேவையைச் சுற்றி அமைந்தது. நடிப்பை இடையிடையே வெட்டாமல், சிரிப்பின் ஓட்டத்தைக் கெடுக்காமல் பதிவு செய்வதே அதன் நோக்கம். 1952இல் வந்த மருந்து விளம்பரக் காட்சியைப் பார்த்தால் இது விளங்கும். சாராயம் கலந்த டானிக் ஒன்றை ஒத்திகைக்கு ஒத்திகை குடித்து, லூசி கொஞ்சம் கொஞ்சமாகப் போதையேறி நாக்குழறுகிறாள். ஒவ்வொரு முறையும் அதே வசனம், ஒரு படி கூடுதலான தடுமாற்றம். மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் செய்யும் வகை நடிகை அல்ல அவர். திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்து ஒவ்வொரு அசைவையும் முன்பே தீர்மானிப்பவர். சாக்லேட் தொழிற்சாலையில் ஓடும் பட்டையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், அவரும் தோழியாக வரும் விவியன் வான்ஸும் வாயிலும் தொப்பியிலும் சாக்லேட்டைத் திணிக்கும் காட்சியும் அதே கணக்கில் அமைந்தது.

பெண்ணியப் பார்வையில் எழும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மேடையேறத் துடிக்கும் லூசி ஒவ்வொரு வாரமும் தோற்று வீட்டுக்கே திரும்புகிறாள். கணவனின் அதிகாரம் நிலைபெறுகிறது. கதைகளின் முடிவுகளை மட்டும் பார்த்தால் இதை மறுக்க முடியாது. ஆனால் பார்வையாளர் கண்டதில் பெரும்பகுதி முடிவுக்கு முந்தைய கலகம். அடங்க மறுக்கும் பெண்ணுக்கே அரங்கம் கைதட்டியது. லூசில் கருவுற்றிருந்த காலத்தில், மறைக்காமல் அதையே கதையாக்கினார்கள். 'கர்ப்பம்' என்ற சொல்லைக்கூட சிபிஎஸ் அனுமதிக்காத காலம் அது. 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பான பிரசவக் கதையை ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள்; அன்றே அவருக்கு மகன் பிறந்தான். அதே ஆண்டு, 1936இல் கம்யூனிஸ்ட் வாக்காளராகப் பதிந்திருந்ததற்காக விசாரிக்கப்பட்டபோது, சோஷலிசப் பற்றுள்ள தாத்தாவின் மனம் கோணாமலிருக்கச் செய்ததாக விளக்கினார். அந்தப் புயலையும் தொடர் தாங்கியது.

படச்சுருள் கையில் இருந்ததால் மறுஒளிபரப்பு பெருவருவாய் தரும் தொழிலாக வளர்ந்தது. 1957இல் டெசிலு, லூசிலை ஒருகாலத்தில் சம்பளத்துக்கு வைத்திருந்த ஆர்கேஓவின் ஸ்டுடியோ வளாகங்களையே வாங்கியது. 1960இல் தம்பதியரின் மணமுறிவு; 1962இல் லூசில் ஆர்னாஸின் பங்கை வாங்கி நிறுவனத் தலைவரானார். 'ஸ்டார் டிரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' ஆகியவை அவர் தலைமையில் உருவானவை. 1967இல் நிறுவனத்தை கல்ஃப் அண்ட் வெஸ்டர்னுக்கு விற்றார்.

'தி லூசி ஷோ', 'ஹியர்ஸ் லூசி' தொடர்கள் 1974 வரை நல்ல வரவேற்புடன் ஓடினாலும், முதல் தொடரின் உயரத்தை அவை எட்டவில்லை. 1986இல் 75 வயதில் நடித்த 'லைஃப் வித் லூசி' எட்டு வாரங்களில் நிறுத்தப்பட்டது. பழைய எழுத்தாளர்களும் பழைய பாணியும் இருந்தும், உருண்டு விழும் உடலுக்காக எழுதப்பட்ட காட்சிகளை அந்த வயதின் உடலால் தாங்க இயலவில்லை. நான்கு எம்மி விருதுகள் பெற்ற அவர், 1989இல் பெருந்தமனி வெடித்து லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அதே ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.