மலையடிவாரத்துக்கு ஒலிம்பிக் வந்த வழி

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஊர்கள். ஒன்று பஞ்சாலை ஊர். மற்றது கோயில் ஊர். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்ற பெரும் போட்டிகள் இவ்விரு ஊர்களுக்கும் முதலில் வானொலி வழியாகத்தான் வந்தன. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று தொடங்கியபின் தென்மாவட்டங்களில் மத்திய அலைவரிசையில் தமிழ் நிகழ்ச்சிகள் தெளிவாகக் கேட்டன. நாடகமும் வேளாண் நிகழ்ச்சியும் செய்தியும் தமிழில் வந்தன. வெளிநாட்டு மைதானத்திலிருந்து வந்த ஹாக்கி வர்ணனை மட்டும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி ஒலித்தது. 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோதும், 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வீழ்த்தியபோதும் நிலைமை இதுதான். மாஸ்கோவில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த வி. பாஸ்கரன். தமிழர் ஒருவர் தலைமையில் கிடைத்த ஒலிம்பிக் தங்கத்தைத் தமிழ்க் கிராமங்கள் வேறு மொழிகளில் கேட்க நேர்ந்தது. கோல் விழுந்ததைக் குரல் ஏறி இறங்குவதைக் கொண்டு ஊகித்துவிட்டு, விவரத்துக்கு மறுநாள் செய்தித்தாளை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் குரல்களில் இந்தியா முழுவதும் அறியப்பட்டது ஜஸ்தேவ் சிங்குடையது. 1955இல் ஜெய்ப்பூர் வானொலியில் சேர்ந்த அவர், 1968 முதல் 2000 வரை 9 ஒலிம்பிக் போட்டிகளையும் 6 ஆசிய விளையாட்டுகளையும் வர்ணித்தார். பந்தின் வேகத்தோடு வாக்கியத்தின் வேகத்தையும் கூட்டுவது அவருடைய முறை. இந்தி தெரியாதவர்களும் ஆட்டத்தின் பதற்றத்தை உணர்ந்ததற்கு அதுவே காரணம். வானொலியில் கற்ற அந்த வேகத்தை அவர் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார்.

தொலைக்காட்சி இந்த வட்டாரத்துக்குத் தாமதமாகவே வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் செல்வது. கோபுரத்திலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் அதைப் பிடிப்பது கடினம். ராஜபாளையமோ சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மேற்கே கேரளம் அருகில்தான், ஆனால் இடையில் மலை நிற்கிறது. தென்தமிழ்நாட்டின் பல ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டியவர்களுக்கு, 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி கிடைத்தது. தமிழ்நாட்டின் தெற்கே தொலைக்காட்சிப் பெட்டிக்குள் முதலில் தெரிந்தது அயல்நாட்டுப் படம் என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

இந்தியத் தொலைக்காட்சியின் திருப்பம் அதே ஆண்டில் நிகழ்ந்தது. 1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை டெல்லியில் 9ஆவது ஆசிய விளையாட்டு நடந்தது. அதை முன்னிட்டு தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்புக்கு மாறியது; நாடு முழுவதற்குமான தேசிய நிகழ்ச்சியும் அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கியது. ஒளிபரப்புக்குப் பெரிதும் நம்பியிருந்த இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் செப்டம்பரிலேயே செயலிழந்தது. இருந்தும் மாற்று ஏற்பாட்டில் போட்டிகள் ஒளிபரப்பாயின. 800 மீட்டரில் சார்லஸ் போரோமியோவும், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் எம்.டி. வல்சம்மாவும் தங்கம் வென்றார்கள். ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 1-7 என்று தோற்றது. பெரும் போட்டி ஒன்றைத் தொடர்ந்து பல மணி நேரம் காட்டுவதற்கு வர்ணனையாளர் மட்டும் போதாது. அரங்கத்துக்கு அரங்கம் தாவும் ஒளிபரப்பைக் கோத்துக் கொடுக்கும் தொகுப்பாளரும் வேண்டும் என்பதை இந்திய ஒளிபரப்புத் துறைக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டு வாரம்தான். காது மூக்குத் தொண்டை மருத்துவரான நரோத்தம் புரி போன்ற தொகுப்பாளர்கள் அந்தக் காலத்தில்தான் வீடுதோறும் அறிந்த முகங்களானார்கள்.

1984இல் தூர்தர்ஷன் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்களை வேகமாக நிறுவியது. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அவை எழுந்தன. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 1/100 விநாடி வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் அவர் 4 தங்கமும் 1 வெள்ளியும் வென்றார். கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் இயங்கத் தொடங்கியபின் மதுரை முதல் தெற்கே பெரும்பகுதி தூர்தர்ஷன் எல்லைக்குள் வந்தது. படம் வந்துவிட்டது. குரல் டெல்லியிலேயே இருந்தது. தேசிய ஒளிபரப்பில் விளையாட்டு வர்ணனை இந்தி, ஆங்கிலம் என்ற இரு மொழிகளுக்குள் நின்றது. தமிழுக்கென ஒதுக்கிய நேரத்தில் செய்தியும் திரைப்படப் பாடலும் நாடகமும் இடம்பெற்றன. ஒளிபரப்பின் தொழில்நுட்பம் ஒரே படத்துக்குப் பல மொழி ஒலியைத் தர அப்போது வசதியாக இல்லை என்பது உண்மை. ஆனால் தமிழில் வர்ணிக்க ஆள் இல்லை என்ற சாக்கு மட்டும் செல்லாது. ஆட்கள் இருந்தார்கள்.

அவர்கள் இரண்டு இடங்களில் உருவானார்கள். முதலாவது சென்னை வானொலி. 1980களில் கிரிக்கெட் ஆட்டங்களுக்குத் தமிழில் நேர்முக வர்ணனை வரத் தொடங்கியது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், வி. ராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோர் அதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். நாடகக் குரலும் இலங்கை வானொலிப் பழக்கமும் கொண்டவர் ஜப்பார். ஆட்டம் தொய்ந்த வேளைகளிலும் கேட்பவரைக் கட்டிவைக்கும் தமிழ் அவரிடம் இருந்தது. ஆடுகளம், பந்துவீச்சாளர், ஆட்டமிழந்தார் என்று இன்று சிறுவர்களும் சொல்லும் சொற்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது இந்த வானொலித் தமிழ்தான். வயலிலும் தீப்பெட்டி ஒட்டும் திண்ணையிலும் டிரான்சிஸ்டரை வைத்துக் கேட்டவர்கள், மைதானத்தைப் பார்க்காமலேயே ஆட்டத்தின் நுணுக்கங்களைத் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது இடம் இன்னும் பழையது. அதைப் பதிவுசெய்தவர்கள் குறைவு. விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் இரவு முழுக்கக் கபடிப் போட்டி நடக்கும். குழல் விளக்கு வெளிச்சத்தில், மேசை போட்டு அமர்ந்து மைக்கைப் பிடிப்பவர் அந்த இரவின் பாதியைத் தாங்குபவர். பாடிப் போகிறவர் எந்த ஊர், போன போட்டியில் எப்படி ஆடினார், எதிரணியில் எத்தனை பேர் மிச்சம், மூன்றாவது பரிசைக் கொடுத்த புண்ணியவான் யார் என்பதையெல்லாம் மூச்சு விடாமல் அவர் சொல்லுவார். நடுவரின் தீர்ப்பில் தகராறு எழுந்தால் கூட்டத்தை அமைதிப்படுத்துவதும் அவர் பொறுப்பே. எழுதி வைத்த தாள் இல்லாமல், ஆட்டத்தைவிட அரை நொடி பின்னால் வந்து, ஆட்டக்காரர் பெயரைத் தவறவிடாமல் பேசும் இந்தத் திறமைதான் தொலைக்காட்சி வர்ணனையின் அடிப்படை. பயிற்சிக்கூடம் எதுவும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. 1990இல் பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டுக்குள் நுழைந்தது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். அதே மண்ணின் மைக் குரல்களுக்கு மட்டும் ஆசிய விளையாட்டு ஒளிபரப்பில் அப்போது இடம் கிடைக்கவில்லை.

1990களில் கேபிள் வந்தது. ஒளிபரப்பு உரிமை ஏலப் பொருளானது. வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் வாங்கிய உரிமையானாலும் நாட்டுக்கு முக்கியமான போட்டிகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. கேபிள் இணைப்பு இல்லாத வீட்டுக்கும் ஒலிம்பிக் படம் கிடைப்பதற்கு இந்தச் சட்டம் பெரும் துணை. மொழியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மொழியை மாற்றியது சந்தை. 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் தொடங்கியது. இந்திய மாநில மொழி ஒன்றுக்கான முதல் விளையாட்டு அலைவரிசை என்று அதைச் சொல்வார்கள். அதே ஆண்டு புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. தொகுப்பாளர் பாவனா பாலகிருஷ்ணன், முன்னாள் வீரர்கள் எஸ். பத்ரிநாத், அபினவ் முகுந்த் போன்றவர்கள் வழியாகத் தமிழ் விளையாட்டு அரங்கம் ஒன்று நிலைபெற்றது. வெறும் மொழிபெயர்ப்பாக இல்லாமல், தமிழிலேயே ஆட்டத்தை அலசும் பழக்கம் தொலைக்காட்சியில் வேரூன்றியது அப்போதுதான்.

ஒலிம்பிக் தமிழுக்கு வந்தது டோக்கியோவில். கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2021 ஜூலை 23 அன்று தொடங்கிய அந்தப் போட்டிகளை சோனி நிறுவனம் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய 4 மொழிகளில் ஒளிபரப்பியது. இது நடக்கும் முறையை அறிந்துகொள்வது நல்லது. ஒலிம்பிக் படங்களை எடுப்பது சர்வதேச ஒலிம்பிக் குழு 2001இல் அமைத்த ஒளிபரப்பு அமைப்பு. வர்ணனை இல்லாமல் மைதானத்து ஒலியோடு மட்டும் அந்தப் படம் உலகெங்கும் போகும். உரிமை பெற்ற நிறுவனம் தன் நாட்டு அரங்கத்தில் வர்ணனையாளரை அமர்த்தி, திரையைப் பார்த்துப் பேசவைக்கும். வீரர் பட்டியலும் நேரமும் புள்ளியும் பக்கத்துக் கணினியில் ஓடும். கேமரா காட்டாத எதையும் அவரால் பார்க்க முடியாது. இதனால் முன்தயாரிப்புதான் அவருடைய மூலதனம். டோக்கியோவில் சென்னையின் பவானி தேவி, ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியரானார். முதல் சுற்றை 15-3 என்று வென்று அடுத்த சுற்றில் தோற்றார். மதுரை மாவட்டத்து ரேவதி வீரமணி கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். வாள்வீச்சில் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தால் புள்ளி யாருக்கு என்பதைச் சில நொடிகளில் விளக்கும் கடமை, அதற்குமுன் தமிழ் வர்ணனையாளர் எவருக்கும் வந்ததில்லை.

விதி தெரியாத வர்ணனை எவ்வளவு பயனற்றது என்பதை 2023 அக்டோபர் 7 காட்டியது. ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆண்கள் கபடி இறுதியில் இந்தியாவும் ஈரானும் மோதியபோது, ஒரு ரெய்டுக்கு எந்த விதியைப் பொருத்துவது என்ற சர்ச்சையில் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. அப்படிப்பட்ட வேளையில் பேசுவதற்கு, விதிப் புத்தகத்தோடு ஆடுகளத்து அனுபவமும் வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது தொலைக்காட்சியோடு ஜியோசினிமா செயலியிலும் தமிழ் ஒலி கிடைத்தது. மில் ஷிஃப்ட் முடிந்து வருபவர் கைப்பேசியில் தமிழைத் தேர்ந்தெடுத்து நள்ளிரவில் பார்க்கும் நிலை வந்துவிட்டது.

இந்த வரலாற்றில் பெரும்பகுதி ஒலிப்பதிவாகச் சேமிக்கப்படவில்லை. கிராமக் கபடி வர்ணனையாளர்களின் குரல்களைப் பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழகங்களும் வானொலி நிலையங்களும் இப்போதே மேற்கொள்ள வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 1900க்குப் பிறகு முதன்முறையாகக் கிரிக்கெட் இடம்பெறுகிறது. 1980களிலிருந்தே தமிழ் வர்ணனைக்குப் பழகிய ஆட்டம் அது.