ஒரு கண்ணாடி போனதால் பிழைத்த கண்ணாடி

மேசைமேல் மூன்று பொருட்கள். ஒன்று, சோனியின் மிரர்லெஸ் கேமரா பாடி. இன்னொன்று, கறுப்பு வர்ணம் பூசிய அலுமினிய உடம்போடு ஹீலியோஸ் 44-2 லென்ஸ். வரிசை எண் 78 என்று தொடங்குகிறது; கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தில் பிறந்த ஆண்டைப் பொறித்துவிடும் என்பதால் இதற்கு ஜாதகம் தேட வேண்டியதில்லை. மூன்றாவது, இந்த இரண்டையும் சேர்த்துவைக்கும் அடாப்டர். அதை எடுத்துக் கண்ணருகே வைத்தால் எதிர்ச்சுவர் தெரிகிறது. உள்ளே கண்ணாடி இல்லை, மின்தொடர்பு இல்லை. வெறும் குழாய். அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்றுக்கு இந்தக் கதையில் பெரிய வேடம் உண்டு. அது மேடையேற எழுபது ஆண்டுகள் ஆயின.

ரஷ்யப் பெயரோடு திரிந்தாலும் ஹீலியோஸின் பூர்வீகம் ஜெர்மனியின் ஜெனா நகரம். அங்கே கார்ல் சைஸ் நிறுவனத்தில் 1896இல் பவுல் ருடால்ஃப் பிளானார் லென்ஸை வடிவமைத்தார். நடுவே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் திறப்பான அபெர்ச்சர், அதன் இருபுறமும் குழிந்த முகங்களைக் காட்டி நிற்கும் கண்ணாடிகள். இரட்டை காஸ் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பிலிருந்து அதே நிறுவனத்தின் வில்லி மெர்ட்டே 1920களில் பயோட்டாரை உருவாக்கினார். 1936இல் டிரெஸ்டன் நகரத்து இஹாகே நிறுவனம் கீனே எக்சாக்டா என்ற 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமராவைக் கொண்டுவந்தது. அந்த வகைக் கேமராக்களுக்காகப் பிறந்ததுதான் 58 மி.மீ. எஃப்/2 பயோட்டார். நான்கு தொகுதிகளாக ஆறு கண்ணாடிகள்.

அது என்ன 58? ஐம்பது என்று வைத்திருக்கலாமே என்று எனக்கும் வெகுநாள் தோன்றியதுண்டு. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபில்முக்கும் நடுவே சாய்ந்தபடி ஒரு கண்ணாடி நிற்கிறது. வெளிச்சத்தை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புவதும், படம் எடுக்கும் நொடியில் எழும்பி வழிவிடுவதும் அதன் வேலை. அது எழும்ப இடம் வேண்டும். அன்றைய கண்ணாடி வகைகளைக் கொண்டு எஃப்/2 திறப்பில் 50 மி.மீ. லென்ஸ் செய்தால் அதன் பின்பக்கம் அந்தக் கண்ணாடியில் இடித்தது. லென்ஸைக் கொஞ்சம் நீட்டி, பின்னால் இடம்விட்டு, 58இல் நிறுத்தினார்கள்.

தமிழில் இங்கே ஒரு சங்கடம். லென்ஸும் நமக்குக் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. ஆனால் இந்தக் கதைக்கு அந்தச் சங்கடமே வசதி. இந்தக் கண்ணாடியின் உருவத்தை முடிவு செய்தது அந்தக் கண்ணாடி.

பிறகு போர். 1945 ஏப்ரலில் ஜெனாவுக்குள் முதலில் நுழைந்தவை அமெரிக்கப் படைகள். ஜூலையில் அந்தப் பகுதி சோவியத் கைக்கு மாற இருந்தது. கிளம்புமுன் சைஸின் விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் அமெரிக்கர்கள் மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். மேற்கு ஜெர்மனியின் சைஸ் ஓபர்கோகனில் வேரூன்றியது அப்படித்தான். சோவியத்தின் முறை வந்தபோது இயந்திரங்கள் கழற்றப்பட்டு ரயிலேறின. 1946 அக்டோபரில் மிச்சமிருந்த நிபுணர்களில் பலரும் குடும்பத்தோடு ரயிலேற்றப்பட்டார்கள். வீடு பிரிந்தால் பாத்திரம் பண்டம் பங்கு போடுவது போல ஒரு தொழிற்சாலையை மூளை ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னோகோர்ஸ்கில் 1942இல் தொடங்கிய இயந்திரத் தொழிற்சாலைக்கு பயோட்டார் வந்து சேர்ந்தது. முதலில் பழைய பெயரையே ஒட்டி ‘பயோட்டார் கிராஸ்னோகோர்ஸ்க்’ என்று அழைத்தார்கள். ஜெர்மனியின் கண்ணாடி வகைகள் அப்படியே கிடைக்காததால், சோவியத்தில் உருக்கிய கண்ணாடிக்கு ஏற்ப வளைவுகளைத் திரும்பக் கணக்கிட வேண்டியிருந்தது. ஆகவே அச்சு அசல் நகல் என்று சொல்வது சரியல்ல. ஊர்மாறி வந்த மருமகள் அந்த ஊர் உப்புபுளிக்குக் கைப்பக்குவத்தை மாற்றிக்கொண்ட மாதிரி. பெயரும் மாறியது: கிரேக்கச் சூரியக் கடவுளின் பெயரில் ஹீலியோஸ். இந்தத் தொழிற்சாலையை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். 1959 அக்டோபரில் லூனா 3 விண்கலம் நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்த கேமராவும் இங்கே செய்ததுதான்.

1952இல் இதே தொழிற்சாலை, தன் ஜோர்க்கி கேமராவுக்குள் ஒரு கண்ணாடியைப் புகுத்தி ஜெனிட் என்ற எஸ்.எல்.ஆரை உண்டாக்கியிருந்தது. 1960களின் பிற்பாதியில் 42 மி.மீ. விட்டமுள்ள மரைக்கு, அதாவது எம்42 மவுண்ட்டுக்கு, ஜெனிட் மாறியது. அதனோடு வந்த ஹீலியோஸ்தான் 44-2. கிராஸ்னோகோர்ஸ்கோடு வல்தாய், மின்ஸ்க் ஆலைகளும் லட்சக்கணக்கில் செய்து தள்ளின. கேமரா வாங்கினால் கூடவே வரும் லென்ஸ். இட்லிக்குச் சட்னி மாதிரி. யாரும் அதைத் தனியாகப் பாராட்டவில்லை.

பாராட்டும்படியும் அன்று இல்லை. வெளிச்சம் எதிரே இருந்தால் படம் வெளிறும். அபெர்ச்சருக்கு இரண்டு வளையங்கள்: ஒன்றில் அளவை வைத்துவிட்டு, இன்னொன்றைத் திருப்பித் திறந்து ஃபோகஸ் பார்த்து, எடுக்கும் முன் ஞாபகமாக மூட வேண்டும். மறந்தால் ஒரு ஃபிரேம் வீண். தானே மூடிக்கொள்ளும் அபெர்ச்சர் மற்ற லென்ஸ்களில் வந்த பிறகு இது பெரிய தொல்லை. எல்லாவற்றுக்கும் மேல், எஃப்/2இல் மரத்தடியில் ஆளை நிறுத்தி எடுத்தால் பின்னாலிருக்கும் இலைகள் சுழல்வது போல் தெரியும். நடுவில் வட்டமாக விழும் ஒளிப்புள்ளி, ஓரத்துக்குப் போகப்போக லென்ஸ் குழாயின் விளிம்பு மறைப்பதால் பாதாம்பருப்பு வடிவத்துக்கு ஒடுங்குகிறது. ஓரங்களில் சரிசெய்யப்படாமல் விட்ட பிழைகளும் சேர்ந்து, பருப்புகள் எல்லாம் நடுவைச் சுற்றி வரிசைகட்டி நிற்கின்றன. லென்ஸ் வடிவமைப்பாளரைக் கேட்டால் தலைகுனிவார். இதே சுழலுக்காகத்தான் இப்போது காசு கொடுக்கிறார்கள்.

1985இல் மினோல்டா 7000 பாடிக்குள்ளேயே ஆட்டோஃபோகஸைக் கொண்டுவந்த பிறகு, கையால் திருகி ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களின் மவுசு குறைந்தது. ஜெனிட்கள் பரணுக்குப் போயின. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காலத்தில் சிலர் ஹீலியோஸைத் தேடி எடுத்தபோது இடைவெளிக் கணக்கு குறுக்கே நின்றது. எம்42 லென்ஸ் தொலைவில் இருப்பதைத் தெளிவாகக் காட்ட, அதன் மவுண்ட்டுக்கும் ஃபில்முக்கும் நடுவே சரியாக 45.46 மி.மீ. வேண்டும். கேனான் இ.எஃப். பாடியில் அந்த இடைவெளி 44 மி.மீ.; ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சத்தில் மெல்லிய வளையம் ஒன்றை நுழைத்துவிடலாம். நிக்கான் எஃப் பாடியில் 46.5. வளையமே இல்லாவிட்டாலும் லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போய்விடும். பக்கத்தில் இருக்கும் பூ தெரியும், கோபுரம் தெரியாது. கோபுரம் வேண்டுமென்றால் அடாப்டருக்குள் இன்னொரு லென்ஸ் வைக்க வேண்டும்; அது படத்தையே கெடுத்துவிடும். நிக்கான்காரர்கள் அன்று பட்ட ஏக்கம் கொஞ்சமல்ல.

2008இல் பானசோனிக் ஜி1 என்ற மிரர்லெஸ் கேமரா வந்தது. கேமராவுக்குள்ளிருந்த அந்தச் சாய்ந்த கண்ணாடியைக் கழற்றியே போட்டுவிட்டார்கள். கண்ணாடி போனதும் அது எழும்பத் தேவையான இடமும் தேவையில்லை என்றாகி, பாடி ஒல்லியானது. சோனி இ மவுண்ட்டில் இடைவெளி 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16. சோனிக்கு 45.46இலிருந்து 18ஐக் கழித்தால் 27.46. மேசைமேல் இருக்கும் குழாயின் நீளம் அதுதான். எந்தக் கண்ணாடிக்குப் பயந்து பயோட்டார் தள்ளி நின்றதோ, அது விட்டுப்போன காலியிடத்தில் அடாப்டர் உட்கார்ந்துகொண்டது. எக்சாக்டாவின் காலத்தில் செய்த விட்டுக்கொடுத்தல் எழுபது ஆண்டு கழித்து வாடகை கொடுத்தது.

ஆனாலும் ஜி1இன் சென்சார் சிறியது. அதில் 58, 116 போல நடந்துகொள்ளும். சுழல் இருக்கும் ஓரங்கள் வெட்டுப்பட்டுப் போகும். 2013இல் ஃபில்ம் அளவுக்கே உள்ள முழு ஃபிரேம் சென்சாரோடு சோனி ஏ7 வந்ததும் மிரர்லெஸ் பாடியிலும் ஹீலியோஸ் தன் பழைய பரப்பு முழுவதையும் திரும்பப் பெற்றது.

மாட்டுவதில் வித்தை ஒன்றும் இல்லை. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் கேமரா பிடிவாதம் பிடிக்கும். பாடிக்குள் அதிர்வைத் தணிக்கும் வசதி இருந்தால் 58 என்று கையால் எண்ணைத் தர வேண்டும். ஃபோகஸ் ஆன விளிம்புகள் திரையில் நிறத்தோடு மின்னும். பல மடங்கு பெரிதாக்கி இமைமுடி வரை பார்த்துக்கொள்ளலாம். ஜெனிட்டின் இருண்ட வியூஃபைண்டரில் கண்ணைச் சுருக்கியவருக்கு இதெல்லாம் ராஜபோகம். அந்தத் தொல்லை பிடித்த இரண்டாம் வளையம் கூட இப்போது வரம்: ‘கிளிக்’ இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவதால் வீடியோ எடுப்பவர்கள் காட்சி ஓடும்போதே அபெர்ச்சரை மூடித் திறக்கிறார்கள். மலிவு அடாப்டரை மட்டும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் வேண்டுமென்றே ஒரு மயிரிழை குட்டையாகச் செய்கிறார்கள், என்னுடையதும் அப்படித்தான். தூரத்துக்கான குறிக்கு முன்பே தூரம் தெளிந்துவிடுகிறது.

நம் ஊரில் இதன் எதிரி வேறு: பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் தோல்பையோடு பீரோவில் வைத்தால் கண்ணாடிக்குள் சிலந்திவலை படரும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். கழற்றிச் சுத்தம் செய்ய இதைவிட எளிய லென்ஸ் அரிது. அப்படிக் கழற்றியவர்களில் சிலர் முன் கண்ணாடியைத் திருப்பிப் போட்டு ஓரங்களை இன்னும் கலங்கடிக்கிறார்கள். பிழை போதவில்லையாம்.

இந்த லென்ஸ் சினிமாவுக்கும் போனது. ‘டூன்: பாகம் இரண்டு’ (2024) படத்துக்கு ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் பயன்படுத்திய லென்ஸ்களில், சினிமாவுக்கு ஏற்ற புதிய உறைக்குள் மாற்றிய பழைய சோவியத் லென்ஸ்களும் இருந்தன, ஹீலியோஸ் 44-2 அவற்றில் ஒன்று.

நேற்று மாலை வேப்பமரத்தடியில் எடுத்த படம் ஒன்றைக் கணினியில் திறந்து பார்த்தேன். இலைகள் சுழல்கின்றன. பக்கத்தில் தகவல் பட்டியல்: கேமராவின் பெயர், ஷட்டர் வேகம், தேதி, நேரம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. லென்ஸ் என்ற இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும். அடாப்டரில் கம்பி இல்லையே, யார் போய்ச் சொல்வது?