பனிக்குடத்தோடு கிடந்தவள்

1956 டிசம்பர் 22, காலை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் மிருகக்காட்சி சாலை. வேலைக்கு வந்த வாரன் தாமஸ், கொரில்லாக் கூண்டின் தரையில் ஏதோ கிடப்பதைப் பார்த்தார். பனிக்குடம். உடையாமல் முழுசாக இருந்தது. உள்ளே குட்டி. தாய் மில்லியைப் பக்கத்துக் கூண்டுக்கு நகர்த்திவிட்டு உள்ளே போன தாமஸ், பையைக் கிழித்துக் குட்டியை வெளியே எடுத்தார். மூச்சில்லை. அதன் வாயில் தன் வாயை வைத்து ஊதினார்.

தாமஸ் டாக்டர்கூட இல்லை. கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே அங்கே பகுதிநேரக் காப்பாளராக இருந்த மாணவர். ஊதிக்கொண்டே இருந்தார். குட்டி மூச்சு வாங்கியது. பெண் குட்டி, எடை இரண்டு கிலோகூடத் தேறாது. உலகத்தில் எந்த மிருகக்காட்சி சாலையிலும் அதற்கு முன் கொரில்லா பிறந்ததில்லை.

நிர்வாகத்தின் உத்தரவை மதித்திருந்தால் அங்கேயும் பிறந்திருக்காது என்பதுதான் வேடிக்கை. தகப்பன் மேக், தாய் மில்லி இருவருமே ஆப்பிரிக்காவில், பிரெஞ்சு கேமரூன் காடுகளில் பிடிபட்டு 1951இல் கொலம்பஸ் வந்தவர்கள். கொரில்லாக் குட்டியைப் பிடிப்பது என்றால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் தாயைச் சுடுவது. குறுக்கே வரும் ஆணையும் சுடுவது. அப்படி வந்த இரண்டும் வளர்ந்து ஆளான பிறகு, மேக் ஒரே அடியில் மில்லியைக் கொன்றுவிடுவான் என்று மேலதிகாரிக்குப் பயம். ஆளுக்கொரு கூண்டு, நடுவில் கதவு, கதவு திறக்கக் கூடாது என்று உத்தரவு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற விதத்தைத் தினமும் கவனித்த தாமஸுக்கு அந்தப் பயம் நியாயமாகப் படவில்லை. இரவில் கதவைத் திறந்துவிட்டு, விடிவதற்குள் பிரித்துவிடுவார். யாருக்கும் சொல்லவில்லை. கொரில்லாவின் கர்ப்ப காலம் ஏறக்குறைய எட்டரை மாதம். இந்த ரகசியம் அதற்கு மேல் தங்காது.

மேலதிகாரியை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. கொரில்லாவைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் அவ்வளவாக எதுவும் தெரியாது. சிகாகோவில் புஷ்மேன் என்ற பெயர்பெற்ற ஆண் கொரில்லா இருபது வருடம் கூட்டத்தைக் கவர்ந்துவிட்டு, துணையே இல்லாமல் 1951இல் செத்துப்போனது. பிலடெல்பியாவில் நடந்தது இன்னும் கூத்து. அங்கிருந்த பம்பூ என்ற ஆணுக்கு ஜோடியாக 1935இல் மாஸா என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். சேர்த்து வைத்தால் சண்டை. அப்புறம்தான் தெரிந்தது, மாஸாவும் ஆண் என்று! சொந்த வீட்டில் மாஸாவை வளர்த்த அம்மாளே அதைப் பெண் என்றுதான் நம்பியிருந்தார்.

கொலம்பஸ் குட்டிக்கு வருவோம். இன்குபேட்டரில் வைத்தார்கள், புட்டிப்பால் கொடுத்தார்கள். பெயர் வைக்கப் போட்டி நடந்தது. கொலம்பஸின் ‘கொல்’லும் ஒகையோவின் முதல் எழுத்தும் சேர்ந்து ‘கோலோ’ ஆயிற்று. குழந்தைச் சட்டை மாட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். பார்க்க ஜனம் அலைமோதியது. (‘அது’ என்று எழுத எனக்கே கை வரவில்லை, இனி அவள்தான்.)

இதில் ஒருத்தியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மில்லியிடம் குட்டியைத் திரும்பக் கொடுக்கவே இல்லை. செத்துப்போய்விடும் என்ற பயத்தில் செய்தது என்பது புரிகிறது. ஆனால் அதன் விலை அடுத்த தலைமுறையில் தெரிந்தது. கோலோவுக்குத் துணையாக பாங்கோ என்ற ஆண் வந்தான். 1968இல் எம்மி பிறந்தாள், பிறகு ஆஸ்கர், பிறகு டோனி. மூன்றையும் மனிதர்கள்தான் வளர்த்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைக்கிற விதம் நம்மூர்ப் பெண்ணுக்கு வருவது அக்காவையும் சித்தியையும் பார்த்துத்தான். கொரில்லாவுக்கும் அதே கணக்கு. பார்த்து வளராதவளுக்கு அது எங்கிருந்து வரும்?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இதைக் கொஞ்சம் சீக்கிரமாகவே புரிந்துகொண்டார்கள். அங்கே 1959இல் அக்கில்லா என்பவள் கோமாவைப் பெற்றாள். ஐரோப்பாவின் முதல் கொரில்லாப் பிரசவம் அது. தாய்க்குப் பாலூட்டத் தெரியவில்லை என்று இயக்குநர் எர்ன்ஸ்ட் லாங் குட்டியைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய் வளர்த்தார். 1961இல் அக்கில்லாவுக்கு ஜம்போ பிறந்தபோது தாயிடமே விட்டுப் பார்த்தார்கள். அக்கில்லா வளர்த்துவிட்டாள். அந்த ஜம்போ பிற்பாடு ஜெர்ஸித் தீவின் பூங்காவுக்குப் போனான். 1986இல் அவனுடைய அடைப்புக்குள் ஐந்து வயதுப் பையன் ஒருவன் விழுந்து மயங்கிக் கிடந்தான். ஜம்போ அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, மற்ற கொரில்லாக்கள் நெருங்காதபடி நடுவில் நின்றான். ஒரே அடியில் கொன்றுவிடும் என்ற பேச்சுக்கு இதைவிட என்ன பதில்?

பிறப்பு ஒரு பக்கம் இருக்க, இருப்பிடம் வெகுநாள் மாறவில்லை. டைல்ஸ் சுவர், சிமெண்ட் தரை, இரும்புக் கம்பி அல்லது கண்ணாடி. குழாயைத் திறந்துவிட்டால் கழுவி முடிந்தது. நோய் தொற்றாது என்பது காரணம். நடைமுறையில் பார்த்தால் குளியலறைக்குள் குடித்தனம். காட்டுக் கொரில்லா ஒவ்வொரு இரவும் இலை தழைகளை மடித்துப் புதிதாகப் படுக்கை போட்டுக்கொள்ளும். சிமெண்டில் எதை மடிப்பது?

இங்கிலாந்தில் ஜான் ஆஸ்பினால் தன் ஹவ்லெட்ஸ் பூங்காவில் தரை முழுக்க வைக்கோலைக் கனமாகப் பரப்பினார். தீனியை அதற்குள் தூவிவிட்டால் கொரில்லா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். காட்டில் பகலெல்லாம் செய்கிற வேலையே அதுதான். சலிப்புக்கு அவ்வளவு மலிவான மருந்து வேறு கிடையாது. சியாட்டிலின் உட்லேண்ட் பார்க்கில் 1970களின் கடைசியில் கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாஸியிடம் யோசனை கேட்டு, மண், மரம், புதர், சரிவு என்று ஒரு காட்டுத்துண்டையே உண்டாக்கினார்கள். மரத்திலிருந்து விழுந்து சாகும், மண்ணிலிருந்து நோய் பிடிக்கும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். கொரில்லாக்கள் புல்லில் கால் வைத்தன, ஏறின, இறங்கின. ஒன்றும் ஆகவில்லை. கூண்டு கட்டுகிற எஞ்சினியர் வேலையில் தோட்டக்காரனும் சேர்ந்துகொண்டது அதிலிருந்துதான்.

கொலம்பஸிலும் காலம் மாறியது. கோலோவின் மகன் ஆஸ்கருக்கும் பிரிட்ஜெட் என்ற பெண்ணுக்கும் 1983இல் இரட்டைக் குட்டிகள் பிறந்தன. பிறகு பாங்கோவுக்கும் பிரிட்ஜெட்டுக்கும் ஃபாஸி என்ற மகன். அவனுக்கு ஒரு வயது வாக்கில் தாய் இறந்துபோனாள். குட்டியைத் தனியே எடுக்காமல், தகப்பனோடேயே விட்டார்கள். முதுகு நரைத்த அந்தப் பெரிய ஆண், தாயில்லாப் பிள்ளையைத் தானே வளர்த்தான். மேக்குக்கும் மில்லிக்கும் நடுவில் கதவைப் பூட்டி வைத்திருந்த அதே பூங்காவில்!

கோலோவுக்கும் அந்த வாய்ப்பு வந்தது. தான் பெற்ற மூன்றையும் வளர்க்காதவளிடம், பேரன் ஜே.ஜே.யைச் சிறு குட்டியாகவே கொடுத்துப் பார்த்தார்கள். வளர்த்தாள். 2016 டிசம்பரில் அவளுடைய அறுபதாவது பிறந்தநாளைக் கூட்டம் கூடிக் கொண்டாடியது. மனிதர் பராமரிப்பில் அந்த வயதை எட்டிய கொரில்லா அதுவரை இல்லை. அடுத்த மாதம் 17ஆம் தேதி தூக்கத்திலேயே போய்விட்டாள். பூங்காவின் பதிவேட்டில் அவள் வழி வந்த பேரப்பிள்ளைகள் மட்டும் பதினாறு பேர்.